நூற்றுப் பதினேழாவது சுற்றறிக்கை

இதனால் நூலகப் பணியாளர்கள் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: தரவு என்பது இந்த நிறுவனத்தின் உயிர்மூச்சு. உயிர்மூச்சை எவரும் கவனக்குறைவாக விடலாகாது. ஆகவே இன்று முதல், தரவுத்தளத்திலிருந்து ஒரே ஒரு வரியை நீக்குவதாக இருந்தாலும், நீக்குபவர் கட்டளையை உரக்கப் படிக்க வேண்டும். பொறுப்பான மற்றொரு பணியாளர் அதைச் செவிமடுத்து ‘சரி’ என்று சொல்ல வேண்டும். அதன் பின்னரே விசையைத் தட்ட வேண்டும். இந்நடைமுறை வருங்காலத் தலைமுறையினரால் நன்றியுடன் நினைவுகூரப்படும்.

இது சுற்றறிக்கை எண் 117. வெளியான நாள் திங்கட்கிழமை. அதே வாரம் வெள்ளிக்கிழமை காலை பதினொன்று ஐந்துக்கு, இதை வெளியிட்டவரே, இதில் சொன்னபடியே உரக்கப் படித்து, ‘சரி’ வாங்கி, விசையைத் தட்டி, நூலகத்தின் நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு வாசகர் குறிப்புகளையும் அழித்தார்.

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று அடையாள அட்டையில் இருக்கிறது. அதன் கீழே ‘தரவு நிர்வாகி’ என்றும் இருக்கிறது. மற்றபடி எல்லாருக்கும் அவர் சுற்றறிக்கையார். அந்த ‘ஆர்’ மரியாதைக்காகச் சேர்த்தது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். சேர்த்தவர் நடமாடும் நூலகத்தின் வண்டி ஓட்டுநர். ஓட்டுநர் தன் வாழ்நாளில் எதையும் மரியாதைக்காகச் செய்ததாகத் தகவல் இல்லை.

பதினோரு வருடத்தில் நூற்றுப் பதினேழு சுற்றறிக்கைகள். எண் 3, பணியிடத்தில் உறவுமுறைச் சொற்களைத் தடை செய்தது. எண் 19, திரையை விரலால் தொடக் கூடாது என்றது. எண் 3-க்கு ஒரு காரணம் இருந்தது. புத்தகம் கொடுத்து வாங்கும் கவுண்டரில் பதினெட்டு வருடமாக உட்கார்ந்திருப்பவள் அவருடைய அக்கா. அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, வரிசையில் நின்ற இருபது பேர் முன்னால், “டேய், சட்டைய ஒழுங்கா உள்ள விடு” என்று சொன்னவள். எண் 3 வந்த பிறகும் அவள் அவரை ‘டேய்’ என்றுதான் கூப்பிட்டாள். அது உறவுமுறைச் சொல் இல்லையாம்.

அவர் அறை கவுண்டருக்கு நேர் பின்னால். நடுவில் கண்ணாடித் தடுப்பு. அதில் அரைவட்டமாக ஒரு துளை, முன்னொரு காலத்தில் உறுப்பினர் அட்டை வாங்கிய ஜன்னல். அந்தத் துளை வழியாகத்தான் அவர் கட்டளைகளைப் படிப்பார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் தேதி முத்திரை குத்திக்கொண்டே ‘சரி’ சொல்வாள்.

அன்று அழிக்க வேண்டியிருந்தது முந்நூற்றுப் பதினோரு குறிப்புகளைத்தான். ஐந்து வருடமாக இந்தப் பக்கம் தலைகாட்டாத வாசகர்களைப் பற்றியவை. கட்டளை இரண்டு வரி. முதல் வரி, ‘வாசகர் குறிப்புகளை அழி’. இரண்டாவது வரி, ‘ஐந்து வருடமாக வராதவர்களுடையதை மட்டும்’.

“கவுண்டர் பொறுப்பாளர் கவனிக்கவும்.”

“என்னடா?”

“ஒரு நீக்கம். படிக்கிறேன்.”

“படி, படி.”

இங்கே இரண்டு பேருடைய பழக்கங்களையும் சொல்லிவிட வேண்டும். சுற்றறிக்கையாருக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே வரியின் கீழ் விரலை ஓட்டிப் படித்தால்தான் படித்த மாதிரி இருக்கும். திரையில் விரல் வைக்கத் தடை இருப்பதால் (தடை போட்டவர் தெரிந்ததே) மவுஸை இழுத்துக்கொண்டே படிப்பார். படித்த வரி நீலமாகிக்கொண்டே வரும். அவர் பயன்படுத்திய மென்பொருளுக்கு ஒரு குணம். கட்டளையில் ஏதாவது ஒரு பகுதி நீலமாக இருந்தால், ‘இவ்வளவுதான் போலிருக்கிறது’ என்று அந்தப் பகுதியை மட்டும் நிறைவேற்றும்.

அக்காவின் பழக்கம் இன்னும் பழையது. தம்பிக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து, அவன் வாக்கியத்தை முடிப்பதற்குள் அவள் ‘சரி’ சொல்லிவிடுவாள். ஐம்பது வருடத்தில் அவன் சொன்ன எந்த வாக்கியத்துக்கும் இரண்டாம் பாதி தேவைப்பட்டதில்லை என்பது அவள் அனுபவம்.

“வாசகர் குறிப்புகளை அழி...” என்று சுற்றறிக்கையார் கணீரென்று படித்து, முதல் வரியை முழுக்க நீலமாக்கி, மூச்சு எடுத்துக்கொண்டார்.

“சரி,” என்றாள் அக்கா. டப் என்று ஒரு முத்திரை.

‘சரி’ வந்தால் தட்ட வேண்டும் என்பது நடைமுறை. அவர் தட்டினார்.

திரையின் அடியில் ஒரு சின்ன வரி வந்தது: 4312 வரிகள் நீக்கப்பட்டன.

சுற்றறிக்கையார் அதை மூன்று தரம் படித்தார், நான்காவது தரம் விரலை வைத்தே படித்தார்.

அழிப்பதற்கு முன், ‘நான் உறுதி செய்கிறவரை இதை நிஜமாக எடுத்துக்கொள்ளாதே’ என்று தரவுத்தளத்திடம் சொல்லிவைக்க ஒரு வழி உண்டு. அப்படிச் சொல்லியிருந்தால் ஒரே தட்டில் எல்லாவற்றையும் திரும்பப் பெற்றிருக்கலாம். எண் 43 அதைக் கட்டாயமாக்கியிருந்தது. ஆனால் எண் 43 மற்றவர்களுக்கு.

காப்புப்பிரதி தினமும் எடுக்கப்படுகிறது. அதில் புத்தகங்கள், உறுப்பினர்கள், யார் எதை எடுத்துப் போனார்கள் என்பதெல்லாம் பத்திரமாக இருக்கும். வாசகர் குறிப்புகள் மட்டும் இருக்காது. எட்டு மாதத்துக்கு முன் வட்டில் இடம் போதாமல் போனபோது, எதை விடலாம் என்று யோசித்து, எண் 88 மூலம் அந்த அட்டவணையை ‘அத்தியாவசியமற்ற உள்ளடக்கம்’ என்று அறிவித்து வெளியே நிறுத்தியவர் அவரேதான். பழைய பிரதிகள் முப்பது நாளைக்கு மேல் தங்குவதில்லை. அதற்கும் ஒரு எண் உண்டு.

அந்தக் குறிப்புகளை அவர் வம்பு என்றுதான் நினைத்திருந்தார். மென்பொருள் செய்தவர்கள் ஒவ்வொரு வாசகர் எண்ணுக்கும் ‘குறிப்பு’ என்று ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். முகவரி மாறினால் எழுதிக்கொள்ளட்டும் என்று வைத்த பெட்டி. பதினெட்டு வருடமாக அக்கா அதில் யாருக்கு என்ன பிடிக்கும், யாருக்கு எதைக் கொடுக்கவே கூடாது, யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று எழுதிக்கொண்டிருந்தாள். சிலருக்கு ஒன்று, சிலருக்கு இருபது. வெள்ளிக்கிழமை தோறும் மதியம் இரண்டு மணிக்கு நடமாடும் நூலக வண்டி கிளம்பும். வீட்டை விட்டு வெளியே வர முடியாத முப்பத்தெட்டு பேருக்குப் புத்தகப் பைகள் போகும். அவர்கள் எதுவும் கேட்பதில்லை. அக்கா குறிப்பைப் பார்த்துப் பொறுக்கிப் போடுவாள்.

இந்த நிலையில் தரவு நிர்வாகி ஒருவர் முதலில் என்ன செய்ய வேண்டும்? அவர் ஒரு புதிய சுற்றறிக்கையைத் தட்டச்சு செய்யத் தொடங்கினார். ‘சேவையில் தற்காலிக இடையூறு’ என்று எழுதினார். ‘இடையூறு’ சற்றுக் கடுமையாகப் பட்டது. ‘இடைநிறுத்தம்’ என்று மாற்றினார். யார் நிறுத்தியது என்று கேள்வி வருமே என்று மறுபடி ‘இடையூறு’ ஆக்கினார். இப்படி இருபத்தைந்து நிமிடம் போயிற்று.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா, வாசகர்கள் போன பிறகு, வழக்கம்போல ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். புதுக் குறிப்பு எழுதும் பெட்டி தனி. பழையதைப் பார்க்க வேறொரு பொத்தானை அழுத்த வேண்டும். அதனால் உலகம் காலியானது அவளுக்குத் தெரியவில்லை.

பதினொன்று நாற்பதுக்கு ஓட்டுநர் கவுண்டரில் வந்து சாய்ந்தார்.

“அக்கா, லிஸ்ட் எப்பத் தருவீங்க? பைய அடுக்கணும்.”

“ஒரு மணிக்குள்ள எடுத்து வச்சிடறேன். இரு, இத மட்டும் எழுதிக்கிறேன், இல்லன்னா மறந்துடுவேன்.”

“எல்லாத்தையும் எழுதறீங்களே, மண்டைல எதுவும் நிக்காதா?”

“மறந்துடறதுக்குத்தான்யா எழுதறதே. எழுதி வச்சாச்சுன்னா மண்டை காலி. நிம்மதி.”

துளை வழியாக இது தெளிவாகக் கேட்டது. சுற்றறிக்கையார் தட்டச்சை நிறுத்தினார். அப்போதுதான் அவருக்குச் சுவர்க் கடிகாரம் கண்ணில் பட்டது. கூடவே பன்னிரண்டு மணி என்றால் என்ன என்பதும் நினைவுக்கு வந்தது.

பன்னிரண்டு மணிக்குத் தரவுத்தளத்தின் துப்புரவு வேலை தானாக ஓடும். அழித்த வரிகளை அள்ளிக்கொண்டு போகும் வேலை. அதற்குள் அதை நிறுத்தினால் ஒரு வழி இருக்கிறது. நிறுத்தாவிட்டால் இல்லை. நிறுத்த இரண்டு பேருடைய கடவுச்சொல் வேண்டும். அதுவும் அவர் ஏற்பாடுதான். இரண்டாவது ஆள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அவர் எழுந்து, துளையின் முன் குனிந்து, பதினோரு வருடமாக அந்தக் கட்டடத்துக்குள் சொல்லாத ஒரு சொல்லைச் சொன்னார்.

“அக்கா.”

முத்திரை குத்திய கை நின்றது. அக்கா திரும்பினாள்.

“என்னடா, என்ன ஒடைச்சே?”

“உன் குறிப்பெல்லாம்...”

“ம்.”

“டெலீட் ஆயிடுச்சு.”

“ஆயிடுச்சா, பண்ணிட்டியா?”

“பண்ணிட்டேன்.”

“எத்தன?”

“எல்லாம்.”

அக்கா கையிலிருந்த புத்தகத்தை எதிரே நின்ற பெண்மணியிடம் கொடுத்து, சிரித்து, “அடுத்த வாரம் பாப்போம்” என்றாள். பிறகு ‘அடுத்த கவுண்டருக்குச் செல்லவும்’ பலகையை எடுத்து வைத்தாள். அடுத்த கவுண்டர் என்று ஒன்று கிடையாது. அவள் உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

“பேக்கப் இருக்குமே. தெனம் எடுக்கறேன்னு பீத்திக்குவியே.”

“அதுல உன் டேபிள் மட்டும் இல்லக்கா.”

“ஏன்?”

“எண்பத்தெட்டு...”

“எனக்கு நம்பர்லாம் தெரியாது. மனுஷன் மாதிரி சொல்லு.”

“எடம் பத்தல. எதையாவது வெளிய வைக்கணும். உன்னோடத அத்தியாவசியமற்ற உள்ளடக்கம்னு போட்டு...”

“அத்தியாவசியமற்ற,” என்றாள் அக்கா. அவள் அதைத் திட்டுவது போலச் சொல்லவில்லை. புதுச் செருப்பைப் போட்டுப் பார்ப்பது போல, கடிக்கிறதா என்று பார்ப்பது போலச் சொன்னாள். கடித்தது என்று முகத்தில் தெரிந்தது.

“சுற்றறிக்கை போட்டிருந்தேன்க்கா. உனக்கும் வந்திருக்கும்.”

“அத யாருடா படிச்சா?”

அழிந்துபோன நாலாயிரத்துச் சொச்சம் குறிப்புகளைவிட இந்த ஒரு வரி தன்னை அதிகமாகக் குத்தியதற்காக சுற்றறிக்கையார் வெட்கப்பட்டார். வெட்கப்பட நேரம் இல்லை. மணி பதினொன்று ஐம்பத்திரண்டு.

“பாஸ்வேர்டு போடுக்கா. எட்டு நிமிஷம்தான் இருக்கு. அப்புறமா எவ்வளவு வேணா திட்டு.”

“நான் எங்கடா திட்டினேன்?”

அவள் தன் கடவுச்சொல்லை ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினாள். அது எண் 12-க்கு முற்றிலும் விரோதம். துப்புரவு வேலை நிறுத்தப்பட்டது என்று திரை சொன்னது. இரண்டு பேரும் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்கள். பன்னிரண்டு வந்தது, போயிற்று. எதுவும் நடக்கவில்லை. அந்த அறையில் எதுவும் நடக்காததற்கு அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன் யாரும் பட்டதில்லை.

“இப்ப போயிடுச்சா, போகலையா?”

“போகல. அழின்னு சொன்னா டேட்டாபேஸ் உடனே தூக்கிப் போட்டுடாது. ‘இது இனிமே இல்ல’ன்னு ஒவ்வொரு வரி மேலயும் ஒரு அடையாளம் மட்டும் வச்சிட்டு, அது பாட்டுக்கு அங்கயே விட்டுடும். கூட்டிப் பெருக்கற வேலை வரப்பதான் நெசமா போகும்.”

“அந்த வேலைய பன்னெண்டு மணிக்குன்னு வச்சது நீயா?”

“ஆமா. கவுண்டர் மெதுவாகுதுன்னு நீதானே சொன்னே.”

“வைக்காம விட்டிருந்தா?”

“ஒரு நிமிஷத்துல தானா வந்து அள்ளிட்டுப் போயிருக்கும்.”

“பாத்தியா,” என்றாள் அக்கா, “நூத்துச் சொச்சம் எழுதினதுல ஒண்ணாவது உருப்படியா இருந்திருக்கு.”

அவருக்கு அழலாம் போல இருந்தது. அதற்குப் பதிலாக உத்தரவு போட்டார்.

“இனிமே அந்த டேபிள்ல நீ ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது. பழைய வரி கெடக்கற எடத்துல புதுசு போய் உக்காந்துடும்.”

அக்கா விரல்விட்டு எண்ணினாள்.

“மூணு எழுதிட்டேனேடா.”

“எப்ப?”

“பதினொண்ணே காலுக்கு மேல. நீ இங்க உக்காந்து என்னத்தையோ மும்முரமா டைப் அடிச்சிட்டிருந்தியே, அப்ப. ரொம்ப முக்கியமான வேலையோன்னு நெனச்சேன்.”

சுற்றறிக்கையார் திரையில் திறந்திருந்த ‘சேவையில் தற்காலிக இடையூறு’வைச் சத்தமில்லாமல் மூடினார்.

முதலில் தரவுத்தளம் முழுவதையும் நிறுத்தி, இருக்கிறபடியே இன்னொரு வட்டில் நகல் எடுக்க வேண்டும். தப்பு நடந்தால் நகலில் நடக்கட்டும். அந்தப் பத்து நிமிடமும் கவுண்டர் இயங்காது. வெளியே வரிசை சேர்ந்துவிட்டது. அக்கா காகிதச் சீட்டுகளோடு போனாள். ஓட்டுநர் யாரும் கேட்காமலே கூட்டத்தைப் பார்த்துக்கொண்டார்.

“கம்ப்யூட்டருக்கு உடம்பு சரியில்லங்க. டாக்டர் உள்ள இருக்கார். கவலைப்படாதீங்க, நோயக் குடுத்ததும் அவர்தான், அவருக்கு எல்லாம் தெரியும்.”

இதைக் கேட்டபோது ஓட்டுநர் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று சுற்றறிக்கையாருக்குத் தோன்றவில்லை. அவ்வளவு மோசமான நிலை.

அடையாளம் வைத்துக் கிடக்கும் வரிகளை மட்டும் படித்துக் காட்டுவதற்கென்றே உலகத்தில் ஏதோ ஒரு மூலையில் யாரோ ஒரு புண்ணியவான் ஒரு சின்னக் கருவி எழுதிவைத்திருந்தார். அந்தப் புண்ணியவானும் ஒரு நாள் இரண்டாவது வரியை விட்டவராகத்தான் இருக்க வேண்டும். வேறு எந்த அனுபவமும் மனிதனை அவ்வளவு அக்கறையாக எழுத வைக்காது. சுற்றறிக்கையார் அதைத் தேடி இறக்கி, நகலின் மேல் ஓட்டினார். முதல் முறை வெறும் கேள்விக்குறிகள் வந்தன. பத்திகளின் வரிசையை மாற்றிச் சொல்லியிருந்தார். வாசகர் எண் இருக்க வேண்டிய இடத்தில் தேதியும், தேதி இருக்க வேண்டிய இடத்தில் குறிப்பும். சரிசெய்து மறுபடி ஓட்டினார். மணி பன்னிரண்டு ஐம்பது.

வரிகள் வரத் தொடங்கின.

எண் 2040. நாய் சாகிற கதை வேண்டாம். பூனை பரவாயில்லை.

எண் 1187. கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பார். கடைசிப் பக்கம் கிழிந்ததைக் கொடுத்தால் அழுவார்.

எண் 655. காது கேட்காது. கேட்பது போலத் தலையாட்டுவார். எழுதிக் காட்டு. எழுதிக் காட்டியதாகக் காட்டிக்கொள்ளாதே.

எண் 3310. மனைவி போன பிறகு சமையல் புத்தகம் எடுக்கிறார். படம் போட்டது கொடு. அட்டையில் ‘மிகச் சுலபம்’ என்று போட்டிருப்பதைக் கொடுக்காதே. அதுவும் வரவில்லை என்றால் மனசு விட்டுப்போகும்.

எண் 3310. முதல் தடவையாகச் சாதம் குழையவில்லையாம். ரகசியமாகச் சொன்னார்.

சரியாகத்தான் வந்திருக்கிறதா என்று பார்க்க நாலைந்து வரி படித்தால் போதும். சுற்றறிக்கையார் எண்பது வரி படித்தார். இந்த ஊரில் எத்தனை பேர் எத்தனை பேருக்குத் தெரியாமல் எதற்கெல்லாம் பயப்படுகிறார்கள் என்று அவருக்கு இதுவரை யாரும் சுற்றறிக்கை அனுப்பியதில்லை.

பிறகு எண் 7 வந்தது. எண் 7 யார் என்று அவருக்குத் தெரியும். அவர் சட்டைப் பையில் இருந்த உறுப்பினர் அட்டையில் அந்த எண்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை தோறும் அவரும் ஒரு புத்தகம் எடுத்துப் போவார். கனமான புத்தகம்: ‘ஆட்சி நிர்வாகத்தின் அடிப்படைகள்’, மூன்றாம் தொகுதி, அந்த வகை. அக்கா அதைத் துணிப்பையில் போட்டுத் தருவாள். வீட்டுக்குப் போய்த் திறந்தால் அதற்கு அடியில் ஒரு துப்பறியும் கதையும் இருக்கும், தவறிப்போய் விழுந்தது போல. அவர் அதை ஒரே மூச்சில் படித்து முடித்து, மறு வாரம் மேசை ஓரத்தில் ‘யாரோ விட்டுப் போயிருக்கிறார்கள்’ என்கிற பாவனையில் வைத்துவிடுவார். பதினோரு வருடமாக ஒரே தவறு ஒரே கிழமையில் நடக்கிறதே என்று ஒரு தரவு நிர்வாகிக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்ற அவர் விடவில்லை.

எண் 7. பெரிய புத்தகம் கேட்பான். கொடு. இருபது பக்கம் தாண்டமாட்டான். எங்கே நிறுத்தினான் என்று கேட்காதே.

எண் 7. அடியில் ஒரு கொலைக் கதை போடு. தெரியாமல் விழுந்தது போல இருக்க வேண்டும். தெரிந்துவிட்டால் படிக்கமாட்டான்.

எண் 7. தீவு, கப்பல், மாளிகை பிடிக்கும். ரத்தம் அதிகம் கூடாது, சின்ன வயசிலிருந்தே பயம்.

அப்படி இருபது, முப்பது. எதைக் கொடுத்தாகிவிட்டது, எது இன்னும் பாக்கி என்று தலைப்புகளாகவும் பல. எட்டு மாதத்துக்கு முந்தைய தேதியில் ஒன்று:

எண் 7. இன்றைக்கு ஏதோ பெரிய சுற்றறிக்கையாம். ஒருத்தரும் படிக்கவில்லை. அது தெரிந்துவிட்டது போல, முகம் தொங்கிவிட்டது. இந்த வாரம் இரண்டு கதை போடு.

அந்தத் தேதி சுற்றறிக்கை எண் 88-இன் தேதி. அந்த வாரம் பையில் இரண்டு கதை இருந்ததும் அவருக்கு ஞாபகம் இருந்தது.

அழிந்த வரிகள் முடிந்தன. அட்டவணையில் உயிரோடு இருந்தவை மூன்றே மூன்று, காலையில் அவள் புதிதாக எழுதியவை. ஒன்று கண்ணாடி மாற்றியவர் ஒருவரைப் பற்றி. ஒன்று இரட்டைக் குழந்தைகளைப் பற்றி. மூன்றாவது, நேரம் பதினொன்று நாற்பத்தொன்று, ஓட்டுநரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு எழுதியது:

எண் 7. முகம் வெளுத்திருக்கிறது. எதையோ உடைத்துவிட்டான். தானாக வந்து சொல்லட்டும். திட்டாதே.

கதவு திறந்தது. சுற்றறிக்கையார் படபடவென்று திரையை மேலே உருட்டி எண் 2040-க்குப் போனார். அக்கா அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“என்னடா, வந்துச்சா?”

“வந்துச்சு.”

“எல்லாமா?”

“நாலாயிரத்து முந்நூத்தி ஒம்பது. மூணு கொறையுது. நீ எழுதின மூணு போய் உக்காந்த எடம்.”

“எந்த மூணு?”

“தெரியாது. எது இல்லன்னு கேட்டா டேட்டாபேஸ் சொல்லாது. அது இல்லையே.”

அக்கா கொஞ்சம் யோசித்தாள். “போவட்டும். ஏதாவது ஒரு நாள் தப்பா ஒரு புத்தகம் குடுப்பேன். அப்பத் தெரியும்.” பிறகு திரையைக் குனிந்து பார்த்து, “நாய் கத. ஆமா. பாவம் அந்த மனுஷி,” என்றாள். அதன் பிறகுதான் மூக்கை உறிஞ்சினாள். அழுதாள் என்று சொல்ல முடியாது. பதினெட்டு வருடமாகப் புத்தகத் தூசி வேறு.

“ஒம்மேல மட்டும் தப்பில்லடா. நீ முடிக்கறதுக்குள்ள நானும் சரின்னுட்டேன்.”

“நீ எப்பவும் அப்படித்தானே.”

“நீ எப்பவும் நீட்டி முழக்குவே.”

இப்போது மீட்ட வரிகளைத் திரும்ப அட்டவணையில் சேர்க்க வேண்டும். அதற்கு ஒரு கட்டளை, மூன்று வரி. இந்த முறை சுற்றறிக்கையார் முதலில் ‘நான் உறுதி செய்கிறவரை நிஜமாக எடுத்துக்கொள்ளாதே’ என்று போட்டார். மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“படிக்கிறேன்க்கா.”

“படி.”

முதல் வரியைப் படித்து, பழக்கதோஷத்தில் நிறுத்தினார். ‘சரி’ வரவில்லை. இரண்டாவது வரியைப் படித்து நிறுத்தினார். வரவில்லை. தான் பேசுவதை ஒருவர் கடைசிவரை கேட்டுக்கொண்டிருப்பது அவருக்குப் புது அனுபவம். மூன்றாவது வரியில் நாக்கு குழறிற்று. படித்து முடித்தார். அறையில் கணினியின் மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“முடிஞ்சுதா?” என்றாள் அக்கா.

“முடிஞ்சுது.”

“இன்னும் ஏதாவது இருக்கா?”

“இல்லக்கா.”

“அப்பச் சரி.”

தட்டினார். 4309 வரிகள் சேர்க்கப்பட்டன. எண்ணிப் பார்த்துவிட்டு, உறுதி செய்தார்.

வண்டி இரண்டு இருபதுக்குக் கிளம்பியது. முப்பத்தெட்டு பைகளையும் அக்கா பெயர் சொல்லிச் சொல்லி அடுக்க, சுற்றறிக்கையார் தானே சுமந்துபோய் வண்டியில் வைத்தார். ஓட்டுநர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று அதை ஒரு காட்சி போலப் பார்த்தார்.

மூன்று மணிக்கு அறிவிப்புப் பலகையில் எண் 118 ஏறியது. ‘வாசகர் குறிப்புகள் இன்று முதல் காப்புப்பிரதியில் முதலிடம் பெறும்.’ அவ்வளவுதான். ஐந்து வருடமாக வராதவர்களுடைய அந்த முந்நூற்றுப் பதினோரு குறிப்புகளை அழிப்பது பற்றி அதில் ஒன்றும் இல்லை. அவர்கள் ஒருநாள் வந்தாலும் வரலாம். திரும்பி வந்த ஓட்டுநர் பலகை முன் நின்று, தாளைத் தூக்கிப் பின்பக்கமும் பார்த்தார்.

“என்னக்கா, ஒரே வரிதானா? அவருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“எடம் மிச்சம் பண்றான்,” என்றாள் அக்கா.

ஐந்தரை மணிக்கு சுற்றறிக்கையார் கவுண்டர் முன் வந்து நின்றார், மற்ற வாசகர்களைப் போலவே, அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு.

“நான்காம் தொகுதி இருக்கா?”

“இருக்கு. மூணாவது முடிச்சிட்டியா?” கேட்டுவிட்டு அக்கா உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். “சரி சரி, விடு.”

அவள் குனிந்து பையில் எதையோ போட்டாள். அவர் அந்த நேரம் பார்த்துக் கூரையில் இருந்த விளக்குகளை எண்ணினார். பை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கனமாக இருந்தது.

வீட்டுக்குப் போய்க் கை கால் கழுவி, ஜன்னல் ஓர நாற்காலியை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு, பையைத் திறந்தார். மேலே நான்காம் தொகுதி. அதை எடுத்து மரியாதையாக அலமாரியில் வைத்தார். அடியில் ஒரு துப்பறியும் கதை, நல்ல தடிமன். புதிய பதிப்பு, அட்டையில் ஒரு தீவு, தீவில் ஒரு மாளிகை, தூரத்தில் ஒரு கப்பல். மூன்றும் ஒரே அட்டையில். அக்கா அன்றைக்குத் தன்னிடம் இருந்ததிலேயே நல்லதாகத் தேடி எடுத்திருக்கிறாள் என்று புரிந்தது. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முதல் வரியின் கீழ் விரலை வைத்தார்.

காணாமல்போன மூன்று குறிப்புகளில் ஒன்று எது என்பது அப்போது தெரிந்துவிட்டது. அந்தக் கதையை அவர் போன மாதமே படித்திருந்தார். கொலை செய்தது பல் மருத்துவர்.